கடலில்லா ஊரின் கடல் கேள்விகள்

சென்ற இதழில் 1941 டிசம்பர் 18 இரவு நடந்த அலெக்சாந்திரியா தாக்குதலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தோம். ஆறு இத்தாலியர்கள், கலத்துக்கு இருவராக, நீருக்கடியில் போகும் மூன்று குட்டிக் கலங்களின் மேல் உட்கார்ந்து துறைமுகத்துக்குள் புகுந்தார்கள். 'வேலியன்ட்', 'குயின் எலிசபெத்' என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் அடிப்பாகம் பிளந்து தரைதட்ட வைத்தார்கள். இதற்குத் தூத்துக்குடி, நாகை பக்கமிருந்து கடிதம் வரும் என்று நினைத்தோம். வந்ததில் பெரும்பாலானவை சேலம் மாவட்டத்துத் தபால்கள். கேள்விகளும் வீரம், தியாகம் பற்றியவை அல்ல. எடை, சீல், பேட்டரி, சுண்ணாம்பு என்று கறாரான கேள்விகள். அதனால் இந்த மாதப் பக்கத்தை முழுக்க அவர்களுக்கே கொடுத்துவிட்டோம்.

நீர்மூழ்கிக் கப்பலைச் சிறிதாகச் செய்தால் அதுதான் இந்தக் கலமா? வேறு வித்தியாசம் உண்டா?
*— பள்ளி ஆசிரியை, அஸ்தம்பட்டி*

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு அம்மா. இந்தக் கலங்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' என்ற சிறப்புப் படையினர் பல்லாண்டு பயன்படுத்திய மார்க் 8 கலம் சுமார் ஆறே முக்கால் மீட்டர் நீளம். ஓட்டுநர், வழிகாட்டி என்று முன்னால் இருவர், பின்னால் நால்வர். மேலே கதவு போட்டு மூடியிருந்தாலும் உள்ளே கடல்நீர் நிரம்பியிருக்கும். ஆறு பேரும் மூச்சுக்கருவியோடு நனைந்தபடியே போக வேண்டும். இதை ஈர வகை என்கிறார்கள். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்பதால் கனத்த எஃகு உடல் தேவையில்லை. அலுமினியமோ கண்ணாடியிழையோ போதும், எடையும் விலையும் குறைவு.

உள்ளே காற்று நிரப்பி, ஆட்களை உலர்ந்த உடையோடு உட்கார வைப்பது உலர் வகை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் 'எக்ஸ்' வகைக் கலங்கள் அப்படிப்பட்டவை: சுமார் 15.5 மீட்டர் நீளம், நான்கு பேர், நீருக்கடியில் 30 டன். 1943 செப்டம்பர் 22 அன்று நார்வேயில் நின்றிருந்த ஜெர்மனியின் 'டிர்பிட்ஸ்' போர்க்கப்பலை முடக்கியவை இவைதான். அலெக்சாந்திரியாவில் போனது மூன்றாவது ரகம். டார்பிடோ போன்ற உடல், மேலே இரண்டு இருக்கை, அவ்வளவுதான். அது சொன்ன பேச்சைக் கேட்காததால் இத்தாலிய வீரர்களே அதற்கு 'மயாலே', அதாவது பன்றி என்று பெயர் வைத்தார்கள்.

மோட்டார் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் எப்படி நுழையாமல் இருக்கிறது? கிளாண்ட் பேக்கிங்கா, மெக்கானிக்கல் சீலா?
*— லேத் பட்டறை உரிமையாளர், அம்மாப்பேட்டை*

இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள் சார். ஆனால் நல்ல ஈர வகைக் கலத்தில் கேள்வியையே வேறு விதமாகத் தீர்த்துவிடுகிறார்கள்: மோட்டாருக்குள் காற்றே வைப்பதில்லை. மின்சாரம் கடத்தாத எண்ணெயை முழுக்க நிரப்பி, வெளியே ஒரு ரப்பர் பையோ ஸ்பிரிங் வைத்த பிஸ்டனோ இணைத்துவிடுவார்கள். ஆழம் கூடக் கூடக் கடல் அந்தப் பையை அழுத்தும், உள்ளே எண்ணெயின் அழுத்தமும் அதே அளவு ஏறும். ஸ்பிரிங் இருப்பதால் உள்ளே எப்போதும் ஒரு துளி கூடுதல் அழுத்தம். சீல் தேய்ந்தால் முதலில் எண்ணெய் வெளியே கசியும், தண்ணீர் உள்ளே வராது. எண்ணெய் மட்டத்தைப் பார்த்தே சீலின் ஆயுளைச் சொல்லிவிடலாம். விலை என்னவென்றால், ரோட்டார் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதால் கொஞ்சம் சக்தி வீணாகும்.

மின்னணுக் கருவிகளுக்கு எண்ணெய் சரிப்படாத இடத்தில் காற்றுள்ள உருளைப் பெட்டி, மூடிக்கு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. அசையாத மூடிக்கான ஓ-ரிங் தன் தடிமனில் 15 முதல் 25 சதவீதம் வரை நசுங்கும்படி பள்ளம் கடைய வேண்டும். அதற்குக் குறைந்தால் அடைக்காது. அதிகமானால் மூடும்போதே வெட்டுப்படும். சிலிக்கான் கிரீஸ் வளையம் பளபளக்கும் அளவுக்கு மட்டும் போதும். அப்பி வைத்தால் மணலும் முடியும் அதிலேயே ஒட்டும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும், பெட்டி போச்சு. பள்ளத்தின் அடியில் டூல் மார்க் குறுக்காக ஓடினாலும் அதே கதி. கடைசி கட் மெதுவாக, வட்டத்தோடு போக வேண்டும்.

பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, இந்தக் கசிவு ஆழத்தைவிட மேலேதான் அதிகம். ஆழத்தில் கடலின் அழுத்தமே வளையத்தைப் பள்ளத்தின் ஓரத்தில் தள்ளி இறுக்கிவிடும். முதல் ஓரிரண்டு மீட்டரில் அந்த உதவி கிடையாது. ஆகவே இறக்கும் முன் பெட்டிக்குள் வெற்றிடம் பிடித்து, கேஜ் முள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். உங்கள் பட்டறையில் நீர்மூழ்கி பம்ப் பழுது பார்ப்பீர்களானால் இதில் பாதி உங்களுக்குப் பழகிய வேலைதான்.

மேட்டூர் அணையில் இப்படி ஒரு கலத்தை ஓட்டிப் பார்த்தால், அப்படியே கடலுக்குக் கொண்டுபோகலாமா?
*— மின்வாரிய ஊழியர், மேட்டூர்*

கொண்டுபோகலாம்; ஆனால் அணையில் சரியாக மூழ்கியது கடலில் மூழ்காது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ, கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. வித்தியாசம் இரண்டரை சதவீதம் என்று அலட்சியமாகச் சொல்லிவிடலாம். கணக்குப் போட்டால்தான் உறைக்கும். கடலில் 30 டன் இடம்பெயர்க்கும் எக்ஸ் வகைக் கலத்தின் கொள்ளளவு 29.27 கன மீட்டர். அதே கலம் நன்னீரில் 29.27 டன்னைத்தான் தாங்கும். அதாவது கடலில் மேலும் போகாமல் கீழும் போகாமல் நின்ற கலம், காவிரியில் 730 கிலோ சுமையேற்றியதுபோல் அடியில் போய் உட்காரும். மேட்டூரில் சமன் செய்த கலத்தைக் கடலில் விட்டால் அதே அளவு மேலே தூக்கும். ஏறத்தாழ முக்கால் டன் எடை சேர்த்தால்தான் மூழ்கும். ஒற்றை டைவருக்கே, கருவியோடு 100 கிலோ என்றால், இரண்டரை கிலோ ஈயம் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இது அணைக்கும் கடலுக்கும் இடையில் மட்டும் வரும் தலைவலி என்றால் பரவாயில்லை. துறைமுகங்கள் பெரும்பாலும் ஆற்று முகத்துவாரத்தில் இருப்பவை. நார்வேயின் கடற்கால்களில் பனி உருகிய நன்னீர் மேலே ஓர் அடுக்காகவும் உப்புநீர் கீழேயும் கிடக்கும். மேல் அடுக்கில் இறங்கும் கலம் திடீரென்று கனமான நீரைத் தொட்டதும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். உள்ளிருப்பவர் தொட்டியில் நீர் ஏற்றுவார். ஏற்றியது கூடிவிட்டால் பொத்தென்று கீழே போகும். அதைச் சமாளிக்க நீரை வெளியேற்றும்போது பம்ப் சத்தமும் குமிழியும் கலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஈர வகையில் இன்னொரு சிக்கல். ஆட்களின் ரப்பர் உடையிலும் மூச்சுப்பையிலும் உள்ள காற்று ஆழத்தில் சுருங்கும். கலம் இரண்டு மீட்டர் தாழ்ந்தால் மிதப்பு குறைந்து மேலும் தாழும். ஏறினால் காற்று விரிந்து மேலும் ஏறும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கமே இழுக்கும். மேல்மட்டத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் முதல் 10 மீட்டருக்குள்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது. ஓட்டுநரின் பயிற்சியில் பெரும்பகுதி இதற்கே போகிறது.

அணை 120 அடி நிரம்பியிருக்கும்போது அடியில் என்ன அழுத்தம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுமார் 36 மீட்டர் ஆழத்துக்கு, மேலிருக்கும் காற்றழுத்தம் போக, சதுர சென்டிமீட்டருக்கு 3.6 கிலோ. கேட்கக் குறைவாகத் தோன்றும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள கதவின் மேல் அது 10 டன்! அதனால்தான் உலர் வகைக் கலத்திலிருந்து டைவர் வெளியேற ஒரு சிறு அறை வைத்திருக்கிறார்கள். அதற்குள் போய் உட்கதவை மூடி, நீரை நிரப்பி, அழுத்தத்தைச் சமன் செய்த பிறகு வெளிக்கதவு ஒரு கையால் திறக்கும்.

கரியமில வாயுவை உறிஞ்சச் சுண்ணாம்பு பயன்படுத்துகிறார்களாமே? வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புதானா?
*— கெங்கவல்லி வாசகி*

அடிப்படை அதேதான்: நீற்றின சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. சங்ககிரிப் பக்கம் வெட்டும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீரூற்றி நீற்றினால் கிடைப்பது. ஆனால் டைவர் பயன்படுத்தும் சோடா சுண்ணாம்பில் அதோடு சில சதவீதம் காஸ்டிக் சோடாவும், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஈரமும் சேர்த்து, ஓரிரண்டு மில்லிமீட்டர் குருணையாகச் செய்திருப்பார்கள். ஈரம் அவசியம், காய்ந்துபோன குருணை வேலை செய்யாது. குருணையாக இருப்பதும் அவசியம். மாவாக இருந்தால் மூச்சு போகாது, தூள் நுரையீரலுக்குள் வரும்.

ஏன் இத்தனை பாடு? சாதாரண ஸ்கூபாவில் 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவர் 10 மீட்டர் ஆழத்தில் அதை இரட்டிப்பாகச் செலவழிப்பார். ஒரு மணி நேரத்தில் காலி. விட்ட மூச்செல்லாம் குமிழியாக மேலே போய், இங்கே ஆள் இருக்கிறான் என்று சொல்லும். உடம்போ நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் ஆக்சிஜனைத்தான் எரிக்கிறது. விட்ட மூச்சையே சுண்ணாம்பு வழியாக அனுப்பி, கரியமில வாயுவை நீக்கி, குறைந்த ஆக்சிஜனை மட்டும் சேர்த்துத் திரும்பவும் சுவாசித்தால், 2 லிட்டர் உருளை நாலு மணி நேரம் வரும், குமிழி கிடையாது. இந்தக் கருவிக்கு ரீபிரீதர் என்று பெயர்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. சுண்ணாம்பை டப்பாவில் கொட்டும்போது தட்டித் தட்டிப் படிய வைக்காவிட்டால் நடுவில் வழி விழும். மூச்சு அந்தச் சந்து வழியாகவே போய்விடும், சுற்றியுள்ள சுண்ணாம்பு சும்மா கிடக்கும். தலைவலி, மூச்சிரைப்பு, பிறகு குழப்பம். இரண்டாவது, கடல்நீர் உள்ளே புகுந்தால் சுண்ணாம்பும் காஸ்டிக் சோடாவும் கரைந்து, காரக் குழம்பாகி வாய்க்கு வரும். வாயும் தொண்டையும் வெந்துவிடும். மூன்றாவது, ஒரு முறை பயன்படுத்திய சுண்ணாம்பை இரவு முழுக்க வைத்திருந்தால் அதன் நிறம் பழையபடி மாறி, புதிது போலவே காட்டும். மாறியது நிறம் மட்டும்தான். கொட்டிவிட வேண்டும்.

சுத்த ஆக்சிஜனுக்கு இன்னொரு கடிவாளம்: சுமார் 6 மீட்டருக்குக் கீழே அது நரம்பைத் தாக்கி வலிப்பைத் தரும், பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல். நீரின் மேல் தலை தெரியாமலும் இருக்க வேண்டும், ஆறு மீட்டருக்குக் கீழேயும் போகக் கூடாது. முன்கேள்விக்கான பதிலில் சொன்ன மேலும் கீழும் இழுக்கும் சிக்கலை இதோடு சேர்த்துப் பாருங்கள், ஓட்டுநரின் பாடு புரியும்.

எங்கள் இரும்பாலையில் உருட்டும் எவர்சில்வர் தகட்டால் கலம் கட்டலாமா? துரு பிடிக்காதே!
*— ஓய்வுபெற்ற இரும்பாலை ஊழியர், சேலம்*

ஐயா, துரு பிடிக்காது என்பது காற்றிலும் சமையலறையிலும் உண்மை. கடலில் கதை வேறு. குரோமியம் 18, நிக்கல் 8 கொண்ட 304 ரகத்தைக் காப்பது மேலே படரும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம். அது கிழிந்தால் ஆக்சிஜன் பட்டுத் தானே வளரும். கடல்நீரின் குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிமுனைத் துளை போடும். அதைவிட ஆபத்து, போல்ட் தலைக்கு அடியிலும் கேஸ்கெட்டுக்கு உள்ளேயும் தேங்கிய நீர். அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், படலம் திரும்ப வளராது, குளோரைடு சேரும், அமிலம் கூடும். வெளியே பளபளப்பு, உள்ளே குடைந்த பள்ளம். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316 ரகம் இதைத் தள்ளிப்போடும், தடுக்காது. நீரில் நிரந்தரமாக இருக்க வேண்டிய சின்ன உறுப்புகளுக்கு டைட்டானியமோ சூப்பர் டூப்ளெக்ஸ் எவர்சில்வரோதான் நம்பகம். ஈர வகைக் கலத்தை ஒவ்வொரு முறையும் கரையேற்றி நன்னீரில் கழுவுவதால் 316 அங்கே தாக்குப்பிடிக்கிறது. கழுவுவதைத் தவறவிட்டால் தாக்குப்பிடிக்காது.

அலுமினிய உடலில் எவர்சில்வர் போல்ட் போட்டால் கரைவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ், வாஷர், காப்புப் பசை, பக்கத்தில் அலுமினியத்துக்குப் பதில் தான் கரைய ஒரு துத்தநாகக் கட்டி. அந்தத் துத்தநாகம் கரைந்துகொண்டே இருக்க வேண்டும். மாதங்கள் கழித்தும் புதிது போல இருந்தால் மகிழ வேண்டாம், ஒயர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அழுத்தம் தாங்கும் உடலுக்கு வருவோம். 304 தகட்டின் நெகிழ்வு வரம்பு சுமார் 205 மெகாபாஸ்கல். நீர்மூழ்கிகளுக்கான எச்.ஒய்.-80 எஃகுக்கு 550. ஆழமாகப் போகும் கலத்துக்கு அதே பலத்தை 304-இல் எடுக்க இரண்டரை மடங்குக்கு மேல் தடிமன் வேண்டும், கலம் மிதக்கவே மிதக்காது. ஆனால் சிறப்புப் படைக் கலங்கள் ஆழம் போகிறவை இல்லை. நூறு மீட்டர் அளவில் உடல் நசுங்குவது பெரும்பாலும் பலக் குறைவால் அல்ல, தகடு நெளிந்து உள்வாங்குவதால். அங்கே தடிமனையும் உட்புற வளைய விலாக்களையும் வட்டத்தின் துல்லியத்தையும்தான் பார்ப்பார்கள். தகட்டைச் சுருட்டி வெல்டிங் செய்யும்போது வட்டம் கொஞ்சம் முட்டையானால், கணக்குப் போட்ட ஆழத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இங்கே பயன்படும். எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது என்பார்கள். 304 பாத்திரத்தின் அழுத்தி வளைத்த விளிம்பில் காந்தம் வைத்துப் பாருங்கள், லேசாக ஒட்டும். குளிர்நிலையில் வளைக்கும்போது உலோகத்தின் படிக அமைப்பு மாறுவதன் விளைவு அது. காந்தக் கண்ணிவெடி உள்ள துறைமுகத்துக்கும், திசைகாட்டியின் பக்கத்தில் வைக்கும் உறுப்புக்கும் இதைப் பார்த்தே ரகம் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மோட்டாரைப் பெரிதாக வைத்து வேகமாகப் போகாமல் ஏன் மூன்று நாட், நான்கு நாட் என்று ஊர்கிறார்கள்?
*— பொறியியல் மாணவர், கருப்பூர்*

தம்பி, நீரில் ஒரு பொருளைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. நாமே ஒரு கற்பனைக் கலம் எடுத்துக்கொள்வோம். பேட்டரியில் எடுக்கக்கூடியது 20 கிலோவாட்-மணி. 4 நாட் வேகத்தில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மோட்டாருக்கு 2 கிலோவாட், கருவிகளுக்கு அரை கிலோவாட். 8 மணி நேரம், 32 கடல் மைல். 6 நாட் என்றால் மோட்டாருக்கு 6.75 கிலோவாட், மொத்தம் 7.25. இரண்டே முக்கால் மணி நேரத்தில் பேட்டரி தீரும், தூரம் 16 கடல் மைல் சொச்சம். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி தூரத்தைப் பாதியாக்கிவிட்டோம்.

அப்படியானால் 2 நாட்டில் போகலாமே? மோட்டாருக்குக் கால் கிலோவாட்தான். மொத்தம் முக்கால். 53 கடல் மைல் வரும், ஆனால் 26 மணி நேரம் பிடிக்கும். நீரில் நனைந்தபடி அத்தனை நேரம் எந்த ஆளும் தாங்க மாட்டான். போதாக்குறைக்கு எதிரே 2 நாட் நீரோட்டம் வந்தால் கலம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, உள்ளே போகும்போது ஏற்றம், திரும்பும்போது வற்றம் என்று நேரம் குறிப்பது இதனால்தான்.

பேட்டரி பற்றி: ஈய-அமில வகை கிலோவுக்கு 30-40 வாட்-மணி. வெள்ளி-துத்தநாக வகை நூறைத் தாண்டும், அதனால் நெடுநாள் அதுவே இந்தக் கலங்களின் பேட்டரி. விலை கடுமை, சில பத்து முறை ஏற்றி இறக்கினாலே ஆயுள் முடியும். லித்தியம்-அயனி அதைவிட மேல், ஆனால் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எஸ். என்ற சுமார் 20 மீட்டர் உலர் வகைக் கலம், வெள்ளி-துத்தநாகம் சரிப்படாமல் லித்தியத்துக்கு மாறியது. 2008 நவம்பரில் பேர்ல் ஹார்பரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது தீப்பிடித்து, பல மணி நேரம் எரிந்தது. அது ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டிருந்தது. 2009-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். கடலுக்கடியில் ஒருநாளும் எதிரி கையில் சிக்காத கலத்தைப் பிளக் பாயின்ட் முடித்துவைத்தது.

லாரி ஓட்டுகிறவன் கேட்கிறேன். இத்தனை சின்னக் கலம் கண்டம் தாண்டி எப்படிப் போகிறது?
*— லாரி உரிமையாளர், சங்ககிரி*

இழுத்துக்கொண்டோ சுமந்துகொண்டோ. டிர்பிட்ஸுக்குப் போன ஆறு எக்ஸ் கலங்களைப் பெரிய நீர்மூழ்கிகள் பின்னால் கட்டி, ஸ்காட்லாந்திலிருந்து நார்வே வரை இழுத்தன. கயிறு சிலவற்றுக்கு நைலான், சிலவற்றுக்கு மணிலா நார். மணிலா அறுந்தது. நீரில் ஊறிய கனத்த கயிறு முன்னால் தொங்க, எக்ஸ்-9 ஆட்களோடு கடலில் மறைந்துபோனது. இலக்கை அடையும் முன்பே ஆறில் இரண்டு கலங்கள் போய்விட்டன. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் மீன்பிடிப் படகுக்கு அடியில் கட்டிக்கொண்டுபோன இரண்டு 'சாரியட்' கலங்களும் (மயாலேயைப் பார்த்து பிரிட்டன் செய்தவை) இப்படித்தான் அலையில் பிய்ந்துபோயின. பயணத்தில் போன கலங்கள் சண்டையில் போனவற்றுக்குக் குறைந்தவை அல்ல என்பதே எங்கள் கணிப்பு; பாரம் கட்டுவதில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பெரிய நீர்மூழ்கியின் முதுகில் 11.6 மீட்டர் நீளமுள்ள உருளை அறையைப் பொருத்தி, அதற்குள் கலத்தை வைக்கிறார்கள். முன்பகுதி மருத்துவ அழுத்த அறை, நடுவில் மாறிச்செல்லும் அறை, பின்னால் கலம். பின்னறையில் நீர் நிரப்பி, கதவு திறந்து, தண்டவாளத்தில் கலத்தை வெளியே தள்ளுவார்கள். இதைச் செய்யவே தனி டைவர் குழு உண்டு. திரும்ப உள்ளே ஏற்றுவதுதான் கடினம்: இருட்டில், மெல்ல நகரும் கப்பலின் முதுகில், களைத்துப்போன ஆட்களோடு.

அடியில் வழி எப்படித் தெரியும்? ஜி.பி.எஸ். வேலை செய்யாதாமே?
*— தாரமங்கலம் வாசகர்*

செய்யாது. அந்த அலைவரிசை கடல்நீரில் சில சென்டிமீட்டரிலேயே மடிந்துவிடும். கிளம்பும் இடத்தில் ஒரு முறை இடம் குறித்துக்கொண்டு, பிறகு திசை, வேகம், நேரம் வைத்துக் கணக்குத்தான். தரையை நோக்கி ஒலித்துடிப்பு அனுப்பி, எதிரொலியின் அலைவரிசை மாற்றத்திலிருந்து தரையின்மேல் உண்மையான வேகத்தை அளக்கும் கருவி இப்போது இருக்கிறது. நீரோட்டத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். அது இல்லாத காலத்தில் ஒரு நாட் குறுக்கோட்டம் மூன்று மணி நேரத்தில் ஐந்தரை கிலோமீட்டர் தள்ளிவிடும். அலெக்சாந்திரியாவுக்குப் போனவர்கள் தலையை மட்டும் வெளியே நீட்டிக் கண்ணால் பார்த்தே பெரும்பகுதி போனார்கள்.

மேட்டூரில் டைவிங் செய்துவிட்டு அன்று மாலையே ஏற்காட்டுக்கு வந்தால் ஆபத்தா?
*— காபித் தோட்ட மேலாளர், ஏற்காடு*

ஆபத்துதான். உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டியது. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, அது குமிழியாகக் கிளம்பும். கொண்டை ஊசி வளைவுகளில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சமாச்சாரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 83 சதவீதம். காற்று சுவாசித்து ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்து ஏறுவது நல்லது.

மலை மேலேயே மூழ்கினால், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவிங் அட்டவணையைத் திருத்த வேண்டும். உங்கள் உயரத்தில் நன்னீரில் 10 மீட்டர் போனால், கடல்மட்ட அட்டவணையில் 12 மீட்டர் வரியைப் பார்க்க வேண்டும். சுத்த ஆக்சிஜன் ரீபிரீதரில் போகும் சிறப்புப் படையினருக்கு இந்த நைட்ரஜன் தொல்லை இல்லை என்பது கூடுதல் தகவல்.

நம் கடல் வெந்நீர் மாதிரி இருக்கிறதே, அங்கே குளிரெல்லாம் பிரச்சினையா?
*— ஆத்தூர் வாசகர்*

பிரச்சினையே. அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு வெப்பம் இழக்காமல் இருக்க நீர் 33-35 டிகிரி இருக்க வேண்டும். நம் கடல் 28 டிகிரி. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அரை மணி நேரம் சுகம்; ஐந்தாவது மணியில் நடுக்கம், விரல் மரப்பு, கணக்கில் தவறு. நீந்துகிறவனுக்குச் சூடு உண்டாகும், கலத்தில் உட்கார்ந்து போகிறவனுக்கு உண்டாகாது. நீரழுத்தம் ரத்தத்தை உடலின் நடுப்பகுதிக்குத் தள்ளுவதால் சிறுநீரும் அதிகம் போகும். கரையேறும்போது ஆள் தாகத்தோடுதான் ஏறுவான்.

நம் பக்கத்துக் கடல்களில் இவை பயன்பட்டதுண்டா?
*— வாழப்பாடி வாசகர்*

உண்டு. 1944 அக்டோபரில் திரிகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'டிரென்சன்ட்' இரண்டு சாரியட்களைச் சுமந்து போய் தாய்லாந்தின் புக்கெட் அருகே இறக்கியது. துறைமுகத்தில் கிடந்த கப்பல்களில் வெடி வைத்துவிட்டு நால்வரும் பத்திரமாகத் திரும்பினார்கள். வெதுவெதுப்பான கடல், இறக்கிவிட்ட நீர்மூழ்கியும் பக்கத்திலேயே. நார்வேயோடு ஒப்பிட்டால் எல்லாமே சாதகம்.

1971 வங்கதேசப் போரில் கலமே இல்லாமல் நடந்தது. பிளாசி அருகே பாகீரதி ஆற்றில் இந்தியக் கடற்படையிடம் பயிற்சி பெற்ற வங்காள இளைஞர்கள், ஆகஸ்ட் 15-16 இரவு சிட்டகாங் உள்ளிட்ட துறைமுகங்களில் நீந்திப்போய்க் கப்பல்களில் வெடி ஒட்டினார்கள். புறப்படும் சைகை கல்கத்தா வானொலியில் ஒலித்த பாட்டு. நம் கடற்படையின் சிறப்புப் படையான 'மார்கோஸ்' 1987-இல் உருவானது. இத்தாலியின் காஸ்மோஸ் நிறுவனம் செய்த இருவர் கலங்களை இந்தியாவும் பாகிஸ்தானும் வாங்கியிருக்கின்றன.

இவற்றைப் பிடிப்பது எப்படி?
*— எடப்பாடி வாசகர்*

சோனார், நுழைவாயில் வலை, கப்பலைச் சுற்றி ரோந்து, சந்தேகம் வந்தால் நீருக்குள் சிறு வெடி. ஆனால் பல முறை பிடித்துக்கொடுத்தது யாரும் குறிவைத்து விரிக்காத பொருள்தான். 1998 ஜூன் 22 அன்று தென்கொரியாவின் சொக்சோ அருகே வடகொரிய நீர்மூழ்கி ஒன்று மீன்வலையில் சிக்கியது. உள்ளே இருந்த ஒன்பது பேரும் பிணமாகவே கிடைத்தார்கள். அலெக்சாந்திரியாவிலும் ஒரு கலத்தின் புரொப்பெல்லரில் கம்பி சுற்றி மோட்டார் நின்றது. அதில் போன இத்தாலிய அதிகாரி துராந்து தெ லா பென்னெ அதை அடிமண்ணில் தள்ளித் தள்ளியே வேலியன்ட்டின் அடிக்குக் கொண்டுபோனார். புரொப்பெல்லருக்கு முன் வளையக் காப்பும் கயிறு வெட்டும் கத்தியும் பொருத்துவது இதற்காகவே. ஆனால் இன்றைய நைலான் மோனோஃபிலமென்ட் வலை கத்திக்கும் போக்குக் காட்டும், சோனாரிலும் சரியாகத் தெரியாது.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். இந்தப் படையில் சேர என்ன செய்ய வேண்டும்?
*— ஓமலூர் வாசகி*

நேரடியாகச் சேர முடியாது அம்மா. முதலில் கடற்படையில் சேர வேண்டும். உள்ளே போன பிறகு விருப்பம் தெரிவிப்பவர்களிலிருந்து மார்கோஸுக்குத் தேர்வு செய்கிறார்கள், பெரும்பாலோர் பாதியிலேயே கழிந்துவிடுகிறார்கள். இப்போதே செய்யக்கூடியது இரண்டு. நீச்சலைக் கிணற்றோடு நிறுத்தாமல் நீண்ட தூரம் பழகட்டும். காதுமூக்குதொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். மூக்கைப் பிடித்து ஊதினால் இரண்டு காதும் சுலபமாகத் திறக்கிறதா, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா, நாட்பட்ட சைனஸ் உண்டா என்று கேளுங்கள். கண்ணில் நிறக்குருடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.